உஷார்! 501-வது யூனிட் காத்திருக்கிறது

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், வண்டலூர் பக்கம் குடியிருப்பவர்களே, உஷார்! மே 4-ஆம் தேதி அக்னி நட்சத்திரம். அதற்கு முன்பே ஏ.சி. ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்து கரன்ட் பில்லைப் பார்த்துத் தலையில் கை வைக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே வருஷா வருஷம் கூடிக்கொண்டு போகின்றன.

2024 ஜூலையில் மாறிய கட்டணப்படி போட்டுப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய்! ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய். 500-ஐத் தாண்டியதுமே, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த 2.35 ரூபாய் விகிதம் போய்விடுகிறது. அவையும் 4.70-க்கு ஏறிவிடுகின்றன. 500-க்கு மேல் ஓடும் ஒவ்வொரு யூனிட்டும் 8.40, 600-க்கு மேல் 9.45.

ஒன்றரை டன் ஏ.சி. மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். ராத்திரிக்கு எட்டு மணி நேரம், அறுபது நாள் என்றால் அதுவே 480. ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஃபேனும் இன்னும் கணக்குக்குள் வரவே இல்லை!

குளிர் நாடுகளில் நிலக்கரி அடுப்பால் வீட்டைச் சூடேற்றுகிறவர்களில் சிலர், தினம் எத்தனை வாளி கரி போட்டோம், வெளியே எத்தனை டிகிரி குளிர் என்று அருகருகே எழுதி வைப்பார்கள். குளிர் கூடாமல் கரி மட்டும் கூடினால் அடுப்பிலோ வீட்டிலோ ஏதோ கோளாறு என்று பிடித்துவிடுவார்கள். நமக்குக் கரிக்குப் பதில் கரன்ட், குளிருக்குப் பதில் வெயில். கணக்கு அதே கணக்குதான்.

ஒரு பழைய டைரி போதும். தினம் ஒரே நேரத்தில் மீட்டர் ரீடிங். பக்கத்தில் மீனம்பாக்கத்தின் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை. நுங்கம்பாக்கம் எண் நமக்கு வேண்டாம், அங்கே கடற்காற்று முன்னதாகவே வந்துவிடும். இரண்டு வெப்பநிலைகளையும் கூட்டிப் பாதியாக்கி 24-ஐக் கழியுங்கள். பகலில் 39, ராத்திரி 29 என்றால் சராசரி 34, மிச்சம் 10. ஏ.சி. போடாத நாளில் 4 யூனிட் ஓடும் வீட்டில் அன்று 9 ஓடியிருந்தால், டிகிரிக்கு அரை யூனிட். மறுவாரம் ஒரு நாள் மிச்சம் 8 என்றால் 8 யூனிட்தான் ஓட வேண்டும். 12 காட்டுகிறதா? வெயில் மேல் பழி போடாதீர்கள். ஏ.சி. ஃபில்டர் அடைத்திருக்கலாம், கேஸ் இறங்கியிருக்கலாம். போர்வெல்லில் தண்ணீர் கீழே போய், தொட்டி நிறைய மோட்டார் முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கலாம்.

பேப்பரில் பெரிய எழுத்தில் வருவது பகல் வெயில். நம் பில்லை ஏற்றுவதோ பெரும்பாலும் ராத்திரி. மொட்டை மாடி காங்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் விட்டுக்கொண்டிருக்கும். குறைந்தபட்சம் 29-ஐத் தொட்ட ராத்திரிகளில் கம்ப்ரஸர் ஓய்வதே இல்லை. அதனால் அந்தச் சின்ன எண்ணைத் தவறாமல் எழுதுங்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மீட்டரில் இருக்கும் சிவப்பு விளக்கு மின்னவே கூடாது. மீட்டரில் 3200 என்று போட்டிருந்தால், 3,200 முறை மின்னினால் ஒரு யூனிட். நிமிடத்துக்கு இரண்டே முறை மின்னினாலும் இரண்டு மாதத்தில் 54 யூனிட் போய்விடும்! 460-இல் நிற்க வேண்டிய வீட்டை 500-க்கு மேல் தள்ள அதுவே போதும். கசியும் கரன்ட் உயிருக்கும் ஆபத்து. உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயின் சுவிட்சை இறக்கிய பிறகும் மின்னினால் நீங்கள் எதையும் தொடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987-க்குப் போன் செய்யுங்கள்.

ஏ.சி.யை 24-க்குக் கீழே இறக்காதீர்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 26-இல் வைத்து ஃபேனையும் போட்டால் தூக்கம் கெடாது.

கடைசியாக ரீடிங் எடுத்த தேதி இ.பி. கார்டிலோ பில்லிலோ இருக்கும். அதிலிருந்து முப்பதாவது நாள் 250-ஐத் தாண்டியிருந்தால், மிச்சமிருக்கும் முப்பது நாள்தான் உங்கள் கையில். இன்று ராத்திரி ஏ.சி. போடுவதற்கு முன் டார்ச்சை எடுத்துக்கொண்டு மீட்டர் பெட்டிக்குப் போங்கள். முதல் எண்ணை எழுதிவிட்டு வந்து படுங்கள்.