பழைய போர்ஷே 911: ஆயிலை யார் மாற்றுவது?

அமெரிக்காவில் ஒரு போர்ஷே 911 வாங்கியிருக்கிறீர்கள். புதியது அல்ல, 1999 முதல் 2008 வரையிலான மாடல்களில் ஒன்று, ஏற்கெனவே இரண்டு மூன்று கை மாறி வந்தது. டீலரிடம் ஆயில் மாற்ற எவ்வளவு என்று கேட்டால் 300 டாலருக்கு மேல் சொல்கிறார்கள். நாமே மாற்றிவிடலாமா என்று தோன்றுகிறது. மாற்றலாம். ஆனால் பணம் மிச்சமாவதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ஏன் இவ்வளவு விலை? சாதாரணச் சின்னக் காருக்கு நான்கு லிட்டர் ஆயில் போதும். இந்த 911 எட்டு லிட்டர் அளவுக்குக் குடிக்கும். அதுவும் போர்ஷே ஒப்புதல் தந்த முழுச் செயற்கை ஆயிலாக இருக்க வேண்டும். இருந்தாலும் பில்லில் பெரும்பகுதி கூலிதான். ஆயில், ஃபில்டர், வாஷர் எல்லாம் நீங்களே கடையில் வாங்கினால் 100 டாலரை ஒட்டித்தான் வரும்.

புதிய கார் வைத்திருப்பவருக்கு, நானே மாற்றினால் வாரண்டி போய்விடுமே என்ற பயம் வரலாம். போகாது. 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டத்தின்படி, காரை எங்களிடமே சர்வீஸ் செய்தால்தான் வாரண்டி என்று எந்த உற்பத்தியாளரும் நிபந்தனை போட முடியாது; அந்த சர்வீஸை இலவசமாகச் செய்து தந்தால் விலக்கு உண்டு. ஆனால் நீங்கள் செய்த தவறால்தான் என்ஜின் கெட்டது என்றால் அந்தச் செலவை அவர்கள் ஏற்க மாட்டார்கள். ஆகவே ஆயில் வாங்கிய ரசீதையும் அன்றைய மைல் கணக்கையும் பத்திரமாக வையுங்கள்.

அமெரிக்காவில் புதிய போர்ஷேக்கு நான்கு ஆண்டு அல்லது 50,000 மைல் வாரண்டி. அந்தக் காலம் முடியும்வரை டீலரிடமே விடுங்கள் என்பதுதான் என் யோசனை. சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனாலும் என்ஜினில் ஏதாவது என்றால் வாதாட வேண்டியது நீங்கள். டீலரின் சர்வீஸ் பதிவு இருந்தால் அந்த வாதமே எழாது. வாரண்டி முடிந்த பழைய காருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஏன் பொருந்தாது? 1999 முதல் 2008 வரையிலான நம் மாடல்களின் என்ஜினுக்குள் இடைத்தண்டு என்று ஒன்று இருக்கிறது (கிராங்க்கின் சுழற்சியைச் சங்கிலி வழியாக வால்வுகளுக்குக் கொண்டுபோகும் தண்டு). அதன் ஒரு முனை ஒரு பால் பேரிங்கில் சுழல்கிறது. அந்தப் பேரிங்கை உள்ளேயே கிரீஸ் வைத்து மூடியிருப்பார்கள். நாளடைவில் என்ஜின் ஆயில் மூடியைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். பேரிங் தேய்ந்து உடைந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். என்ஜின் அவ்வளவுதான். செலவு காரின் விலையையே தொட்டுவிடலாம்.

இதற்காக உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2013இல் சமரசமும் ஆனது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. பெரும்பாலான என்ஜின்கள் இந்தத் தொல்லை இல்லாமலே ஓடுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2006 மாடல் முதல் பெரிய பேரிங் வைத்தார்கள். புகார்கள் வெகுவாகக் குறைந்தன. 2009 மாடலில் வந்த புதிய என்ஜினில் இந்தத் தண்டே கிடையாது.

சரி, இதற்கும் ஆயில் மாற்றுவதற்கும் என்ன சம்பந்தம்? பேரிங் தேயும்போது உதிரும் இரும்புத் துகள் ஆயிலோடு சுற்றிவந்து ஃபில்டரில் மாட்டிக்கொள்ளும். என்ஜினைப் பிரிக்காமல் அதன் உள்ளே எட்டிப் பார்க்க உங்களுக்குக் கிடைக்கும் எளிய வழி அந்த ஃபில்டர்தான். டீலரிடம் விட்டால் அது பெரும்பாலும் நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போகும். நீங்கள் மாற்றினால் அது உங்கள் கையில் இருக்கும்.

எப்படிப் பார்ப்பது? ஃபில்டரை ஒரு மணி நேரம் தட்டில் வடிய விடுங்கள். கூர்மையான பிளேடால் மேலும் கீழும் உள்ள விளிம்புகளை ஒட்டி வெட்டினால் மடிப்பு மடிப்பான காகிதம் தனியாக வந்துவிடும். அதை வெள்ளைத் துணியில் வைத்துப் பிழிந்து, விரித்து, வெயிலில் பிடியுங்கள். மடிப்புகளின் பள்ளத்தில்தான் துகள்கள் தங்கியிருக்கும். ஒவ்வொரு மடிப்பாக விரலால் பிரித்துப் பாருங்கள், அவசரப்படாதீர்கள்.

மின்னுவது எல்லாமே ஆபத்து இல்லை. அங்கங்கே ஓரிரண்டு அலுமினியப் பொடி பழைய என்ஜினில் சகஜம். பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்கு தெரிந்தால், சங்கிலியைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டைகள் தேய்கின்றன என்று பொருள். உடனே பதற வேண்டாம், அடுத்த முறையும் கூடுகிறதா என்று கவனியுங்கள். இப்போது ஒரு வலுவான காந்தத்தைக் காகிதத்தின்மேல் மெல்ல நகர்த்துங்கள். பளபளக்கும் துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது இரும்பு. அப்படி வந்தால் காரை ஓட்டாதீர்கள். டோ வண்டியில் ஏற்றி, இந்த என்ஜினைத் தெரிந்த மெக்கானிக்கிடம் அனுப்புங்கள். ஃபில்டர் காகிதத்தையும் ஒரு பையில் போட்டுக் கூடவே கொடுங்கள்.

சந்தேகமாகவே இருந்தால்? வடியும் ஆயிலில் கொஞ்சம் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆயிலில் எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எழுதித் தருவார்கள். ஒரு முறை வரும் எண்ணைவிட, வருடா வருடம் அது எப்படி ஏறுகிறது என்பதுதான் முக்கியம்.

வேலை கடினமா? கை வேலை பழகியவருக்குக் கடினமில்லை; ஆனால் கீழே படுக்க வேண்டியிருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் அடியில் போகாதீர்கள். தாங்கிகளை (ஜாக்கியால் தூக்கிய பின் காரின் எடையைச் சுமக்க வைக்கும் இரும்புக் கால்கள்) சரியான இடத்தில் வைத்து, காரை ஆட்டிப் பார்த்த பிறகு போங்கள்.

என்ஜினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு அணைத்தால் ஆயில் நன்றாக இறங்கும். வடிகால் போல்ட்டுக்கு 8 மில்லிமீட்டர் அறுகோண அல்லன் கீ வேண்டும். திரும்ப மாட்டும்போது புது வாஷர் போட்டு, டார்க் ஸ்பேனரால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) 50 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். ஃபில்டர் மூடிக்குப் பாதிதான், 25. மூடி பிளாஸ்டிக்; கைபலத்தைக் காட்டினால் விரிசல் விடும். அதன் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டு, ஆயில் தடவி மாட்டுங்கள். 911இலேயே டர்போவுக்கும் ஜிடி3க்கும் வேறு என்ஜின். மேலே சொன்ன பேரிங் தொல்லையும் இந்த முறையும் அளவுகளும் அவற்றுக்குப் பொருந்தாது.

எந்த ஆயில்? டப்பாவின் பின்புறத்தில் ‘போர்ஷே ஏ40’ என்ற ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். மொபில் 1 0டபிள்யூ-40 பலரும் போடுவது. புதிய மாடல்களுக்கு ஒப்புதல் எண் வேறு. கையேட்டைப் பார்த்தே வாங்குங்கள்.

எவ்வளவு ஊற்றுவது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். கையேட்டில் உள்ள அளவை ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். பழைய ஆயில் முழுவதும் வடிந்திருக்காது. அரை லிட்டர் குறைவாக ஊற்றி, காரை இறக்கி, சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் சூடான பின் அளவு பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். 2005 மாடலாக வந்த, 997 என்று அழைக்கப்படும் 911 வகையில் அளவுகோல் குச்சியே கிடையாது, திரையில் காட்டுவதுதான். சாய்வான டிரைவ்வேயில் நின்றால் அது தப்பாகக் காட்டும். ஆயில் கூடிப்போனால் அது காற்றுப் பாதைக்குள் இழுக்கப்பட்டு வெள்ளைப் புகையாக வெளியே வரும். குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம், கூடினால் மறுபடி காரின் அடியில் படுக்க வேண்டும்.

பழைய ஆயிலை என்ன செய்வது? சாக்கடையிலோ மண்ணிலோ ஒரு சொட்டும் விடாதீர்கள். குற்றம் மட்டுமல்ல, நிலத்தடி நீரே கெட்டுப்போகும். புது ஆயில் வந்த டப்பாக்களிலேயே நிரப்பி, பெரிய கார் உதிரிபாகக் கடைகளுக்கு எடுத்துப் போங்கள். பெரும்பாலானவை இலவசமாக வாங்கிக்கொள்ளும்.

அபார்ட்மெண்டில் இருப்பவர் என்ன செய்வது? பல குடியிருப்புகளில் பார்க்கிங்கில் கார் வேலை பார்க்கவே தடை. அப்படியானால் டீலருக்கும் சொந்தக் கைக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: போர்ஷே வேலை மட்டுமே பார்க்கும் தனி மெக்கானிக். கூலி டீலரைவிடக் குறைவாகவே இருக்கும். வேலையைக் கொடுக்கும்போதே, ‘பழைய ஃபில்டர் எனக்கு வேண்டும், எறிந்துவிடாதீர்கள்’ என்று சொல்லிவிடுங்கள். நல்ல மெக்கானிக் அவரே வெட்டிக் காட்டுவார். காட்டத் தயங்கினால் அடுத்த முறை வேறு ஆளைப் பாருங்கள்.

காரை விற்கும்போது டீலர் முத்திரை இல்லையே என்று விலை குறைப்பார்களா? சிலர் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் தேதி, மைல், ஆயில் ரசீது, விரித்த ஃபில்டர் காகிதத்தின் புகைப்படம் ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். இந்த என்ஜினைப் பற்றித் தெரிந்து வாங்க வருகிறவர் முதலில் கேட்பதே பேரிங்கைப் பற்றித்தான். அப்போது அந்தப் புகைப்படங்களை எடுத்துக் காட்டுங்கள்.