மணலுக்குக் குறைத்த காற்று, தார் வீதியில் எமன்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு வாடகை ஜீப் வேண்டுமென்றால் இந்த வாரத்துக்குள் உறுதிப்படுத்தியாக வேண்டும். கற்பிட்டிப் பக்கம் தாமே வாகனம் ஓட்டிச் செல்லவிருக்கும் வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவிகின்றன. பலர் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: ஃபோர் வீல் இருந்தால் நுரைச்சோலை மணலில் பயமில்லாமல் இறங்கலாமா?

ஃபோர் வீல் என்றால் பாதுகாப்பா?

விளம்பரம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எஞ்சினின் விசை நான்கு சில்லுகளுக்கும் போகிறது என்பதே ஃபோர் வீலின் பொருள். பிரேக் சாதாரண காரிலும் நான்கு சில்லுகளிலும் இருக்கிறது. ஆகவே ஃபோர் வீல் புறப்பட உதவும், நிறுத்த உதவாது. உயரமான வாகனம் வேறு. வேகத்தில் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் காரைவிட எளிதில் புரளும்.

மணலில் புதையாமல் போவது எப்படி?

பாலாவி–கற்பிட்டி வீதியிலிருந்து கடலோர விடுதிகளுக்குப் பிரியும் மணல் ஒழுங்கைகளில் ஜீப்பைக் காப்பாற்றுவது டயரின் காற்றுதான். 2 தொன் ஜீப்பில் ஒரு டயர் சுமார் 500 கிலோவைத் தாங்குகிறது. 35 பிஎஸ்ஐ காற்றில் அந்தப் பாரம் ஏறத்தாழ 200 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் இறங்கும். காற்றை 18 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் டயர் நீளவாக்கில் படிந்து, தரையைத் தொடும் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். மணலை வெட்டி இறங்கிய டயர் இப்போது அதன்மேல் ஏறிப் போகும். செலவில்லாத, அருமையான உத்தி.

ஆபத்து திரும்பி வரும்போது இருக்கிறது. வால்வின் ஊசியை அழுத்தினால் காற்று இறங்கிவிடும்; நிரப்ப கம்ப்ரசர் வேண்டும். அது இல்லாதவர்கள் அப்படியே பிரதான வீதிக்கு ஏறிவிடுகிறார்கள். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடேறுகிறது. 70 கிலோமீற்றர் வேகத்தில் அந்தச் சூடே டயரை வெடிக்க வைக்கலாம். வெடிக்காவிட்டாலும் ஸ்டியரிங்குக்கு வாகனம் தாமதமாகவே பணியும். எதிரே மரக்கறி லொறி, ஓரத்தில் சைக்கிளில் பிள்ளைகள். மணலிலும் சட்டென்று திருப்பக் கூடாது; காற்றுக் குறைந்த டயர் சில்லின் விளிம்பிலிருந்து கழன்றுவிடக்கூடும்.

மணலுக்கென்று ஜீப்பை விளம்பரம் செய்கிறவர், காற்றமுக்கமானியும் கம்ப்ரசரும் சேர்த்துத் தரக் கடமைப்பட்டவர். இரண்டும் இல்லாத ஜீப்பை வாடகைக்கு எடுக்காதீர்கள். கம்ப்ரசர் வேலை செய்கிறதா என்று அங்கேயே போட்டுப் பாருங்கள்.

புதைந்துவிட்டால்?

எக்ஸிலேட்டரை மிதித்தால் சில்லு குழிதான் தோண்டும். நிறுத்துங்கள். டயர்களைச் சுற்றியுள்ள மணலை அள்ளி, காற்றை இன்னும் சற்றுக் குறைத்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். ட்ரக்டர் வந்து இழுப்பதானால் கயிற்றை டிரெய்லர் பூட்டும் உருண்டையில் மாட்டவே கூடாது. அது முறிந்து பறந்தால் உயிர்போகும்.

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் போதுமா?

போதாது. இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம் வேண்டும். பின்னதற்கு 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே கருமபீடம் திறந்தார்கள். வசதிதான், ஆனால் அங்கே பார்ப்பது உங்கள் ஆவணங்களை, மணலில் ஓட்டும் திறமையை அல்ல.

"முழுக் காப்புறுதி" என்கிறார்களே?

வாடகைக்கு விடும் வாகனம் என்று காப்புறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, தார் வீதிக்கு வெளியே நேரும் சேதத்தை ஒப்பந்தம் விலக்குகிறதா என்று வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கடற்கரையில் ஓட்டலாமா?

வேண்டாம்; கரைவலைக் கயிறு மணலோடு மணலாகக் கிடக்கும், இழுபடும்போது இடுப்பளவுக்கு எழும்.

வெள்ளம் பாயும் பாலத்தைக் கடக்கலாமா?

கூடாது, 2025 நவம்பரில் டிட்வா புயலின்போது கலா ஓயா வெள்ளத்தில் பஸ்ஸே சிக்கி, பயணிகளைக் கடற்படை மீட்க வேண்டியிருந்தது.

விபத்து நேர்ந்தால்?

அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. பெயர்ப்பலகை இல்லாத ஒழுங்கைகள் என்பதால் அருகிலுள்ள பள்ளிவாசல், கோயில் அல்லது விடுதியின் பெயரைச் சொல்லி, ஒருவரைப் பிரதான வீதியில் நிறுத்துங்கள்.