ஆந்தி வருமுன் வண்டியை நிறுத்துக

கோடை விடுமுறையில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள கேரவன் வண்டியில் வடநாடு சுற்றும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டியது 'ஆந்தி'. நாம் சொல்லும் அந்தகாரத்துக்கு உறவான சொல் இது. பகலையே இருட்டாக்கும் புழுதிப் புயல். பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் கிளம்பும். 2018 மே 2 இரவு உத்தரப்பிரதேசம், இராஜஸ்தான் பகுதிகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் இதில் மாண்டனர். பலரைக் கொன்றது இடிந்த சுவரும் விழுந்த மரமுமே. மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று புழுதிக் காற்றில் விளம்பரப் பலகை பெட்ரோல் பங்க் மீது சாய்ந்து 17 பேர் இறந்தார்கள்.

ஆகவே, கட்டுவதைவிட முக்கியம் நிற்கும் இடம். மரம், பலகை, மின்கம்பி, பழஞ்சுவர் பக்கத்தில் ஒதுங்கவே கூடாது. மேம்பாலமும் ஆகாது, உயரமான வண்டி பக்கக் காற்றில் சாய்ந்துவிடும். வெட்டவெளியில் வண்டியின் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்துங்கள்.

காலையில் புறப்படுமுன் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். மின்னலுக்குத் 'தாமினி' செயலி உண்டு. கூரைமேல் சாமான் இருந்தால் இறுக்கிக் கட்டுங்கள். வானம் பழுப்பேறியதும் பக்கப் பந்தலைச் சுருட்டி, கூரை ஜன்னலைச் சாத்தி, கேஸ் சிலிண்டரை மூடிவிட வேண்டும்.

இரும்புக் கூடு மின்னலிலிருந்து காக்கும். ஃபைபர் கூடு காக்காது. அப்படிப்பட்ட வண்டியானால் உறுதியான கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி கழித்தே வெளியே வருக.

பிற்பகல் 3 மணிக்குள் அன்றைய பயணம் முடியும்படி திட்டமிட்டாலே பாதிக் கவலை தீர்ந்தது. மீதி ஊரை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.