தப்புக்கு நெருப்பு, கிட்டாருக்கு மின்சாரம்

தெஹியோவிட்டப் பக்கத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தப்புக்காரர் முதலில் நெருப்பு மூட்டுவார். மழைக்காற்றில் தளர்ந்த தோல் சூட்டில் இறுகினால்தான் தப்பு பேசும். பக்கத்து மேடையில் கிட்டார் வாசிக்கும் எனக்கும் அதே கவலைதான். என் நெருப்பு மின்சாரம்.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது அதன் கீழுள்ள பிக்கப். காந்தத்தைச் சுற்றிய செம்புச் சுருள் அது. ஒற்றைச் சுருள் என்றால் ஓசை கணீரென்று இருக்கும். ஆனால் டியூப்லைட்டின் இரைச்சலையும் சேர்த்து இழுக்கும். 1955இல் கிப்சன் கம்பனியின் செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த இரைச்சலை அடக்கினார். ஹம்பக்கர் எனப்படும் அந்தப் பிக்கப்பின் குரல் தடித்தது.

அடுத்தது ஒலியைப் பெருக்கும் ஆம்ப். வால்வு ஆம்ப்பை அளவுக்கு மேல் முடுக்கினால் ஒலியலையின் உச்சி நசுங்கும். அந்த நசுங்கல்தான் ராக்கின் கரகரப்பு. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், ஸ்பீக்கரின் காகிதத்தைச் சவர பிளேடால் கீறியே அதை வரவழைத்தார். இன்று காலால் மிதிக்கும் பெடல் அந்த வேலையைச் செய்கிறது.

ஒரு திருவிழாவில் நீளம் போதாமல் இரண்டு வயர்களை இணைத்து வாசித்தேன். போர்வைக்குள்ளிருந்து வந்ததுபோல் கிட்டார் மங்கி ஒலித்தது. வயர் நீண்டால் ஒலியின் கூர்மை கரையும் என்று அன்றுதான் அறிந்தேன்.

கிட்டார் பழகும் தம்பி தங்கச்சிமாரே, பெடல் வாங்கக் கடன்படாதீர்கள். முதலில் புதுக் கம்பியும் நல்ல வயரும் வாங்குங்கள். நம் ஊர் ஈரத்தில் முதலில் துருப்பிடிப்பது கம்பிதான்.