தொட்டிக்குள் ஒரு விலாங்கு

இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக நடப்பவரை, பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று நம்மவர்கள் சொல்வார்கள். அந்த விலாங்கை ஒருவர் வீட்டில் வைத்து வளர்ப்பதை நான் முதன்முதலில் கண்டது 2018ஆம் ஆண்டில், முல்லைத்தீவு மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமமொன்றில். சமூகப் பணியில் சேர்ந்த புதிதில், பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் விபரங்களை வீடு வீடாகச் சென்று திரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டு அக்கா தனியாக இருந்தார். மகள் திருமணம் முடித்து வேறு ஊரில். கணவரை 2009 மே மாதம் வட்டுவாகலில் கடைசியாகக் கண்டவர். அதன் பின்னர் ஒரு தகவலும் இல்லை.

விறாந்தையில் நான்கடி நீளமான பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. கொழும்புக்கு வேலைக்குப் போன அயல்வீட்டுப் பொடியன் விட்டுச் சென்றது. உள்ளே மணலும் ஒரு துண்டு எஸ்லோன் பைப்பும்தான் தெரிந்தன. குனிந்து பார்த்தேன். பைப்புக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. நான் பின்னால் பாய்ந்துவிட்டேன்.

"பயப்படாதேங்கோ பிள்ளை. பாம்பில்லை, விலாங்கு. போன வருசம் கிணறு இறைக்கேக்க வந்தது. கழுத்தடியில செட்டை இருக்குப் பாருங்கோ. பாம்புக்குச் செட்டை இருக்குமே?"

கிணறு வயலோரத்தில் இருந்தது. மாரி வெள்ளத்தோடு வந்து விழுந்திருக்க வேண்டும்.

நான் சமூகவியல் பட்டதாரி. அன்று பின்னேரம் என் அறிக்கையில் இப்படி எழுதினேன்: "இரவில் நித்திரை இல்லை. மீனுடன் கதைக்கிறார். சமூகத்திலிருந்து ஒதுங்கியிருக்கிறார். உளவளத்துணை தேவை." உளவளத்துணை தேவை என்று எழுதியது பிழையில்லை. ஒதுங்கியிருக்கிறார் என்று ஒரு மீனைச் சாட்சியாக வைத்து எழுதியதுதான் பிழை. அதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் சென்றன.

அக்காவிடம் கற்றவை

விலாங்கு வளர்ப்பது தங்க மீன் வளர்ப்பது போல் அல்ல. முதலாவது, மூடி. சிறு இடைவெளி போதும், இரவில் வெளியேறிவிடும். ஒருமுறை காற்றுக் குழாய் போகும் ஓட்டை வழியாக இறங்கி, விடியப்புறம் தண்ணீர்க் குடத்தின் அடியில் ஈரத்தில் கிடந்ததாம். தோல் ஈரமாக இருக்கும்வரை விலாங்கு தோலாலும் சுவாசிக்கும். அதனால் உயிர் தப்பியது. அதற்குப் பிறகு பலகை மூடி, மேலே கல், ஓட்டைக்குள் துணி.

இரண்டாவது, ஒளிக்க ஓர் இடம். பகல் முழுவதும் பைப்புக்குள் கிடந்தால் வருத்தமென்று எண்ணக்கூடாது. அது இரவில் நடமாடும் மீன். ஒளிக்க இடமில்லாவிட்டால்தான் வாடிப்போகும். அடியில் கழுவிய மென்மணல் போட வேண்டும். கூர்க் கற்கள் அதன் தோலைக் கிழிக்கும்.

மூன்றாவது, தண்ணீர். கிழமைக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரென்றால் ஒருநாள் திறந்து வைத்துவிட்டே ஊற்ற வேண்டும். சாப்பாடு மண்புழுவும் சின்ன இறாலும், ஒன்றுவிட்ட ஒருநாள். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும். காய்ந்த கையால் பிடிக்கக்கூடாது, அதன் வழுவழுப்புத்தான் அதற்குக் காவல். விலாங்கின் பச்சை இரத்தம் நஞ்சு என்பதால், கையில் காயம் இருந்தால் தொடவும் கூடாது.

இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்தவரை நான் ஒதுங்கியவர் என்று எழுதியிருந்தேன். உண்மையில் அந்த விறாந்தைக்கு ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் சிரட்டையில் மண்புழு கொண்டுவருவார்கள். அவர்களைக் கூப்பிட வரும் தாய்மார் படியில் இருந்து கதைப்பார்கள்.

"சாமம் ரெண்டு மணிக்கு இந்த ஊரில முழிச்சிருக்கிறது நானும் இதுவும்தான் பிள்ளை. முந்தி முகட்டைப் பாத்துக்கொண்டு கிடப்பன். இப்ப எழும்பி வந்து இதைப் பாப்பன்" என்று ஒருநாள் சொன்னார். 2022இல் மின்சாரம் நாளுக்குப் பல மணித்தியாலங்கள் நின்றபோது, காற்று மோட்டர் ஓடாத நேரமெல்லாம் சாடியால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றி அதைக் காப்பாற்றினார்.

சாப்பிட மறுத்த விலாங்கு

2024 ஐப்பசியில் தொலைபேசி எடுத்தார். குரல் அடைத்திருந்தது. விலாங்கு மூன்று கிழமையாகச் சாப்பிடவில்லை. முதுகு கறுத்து, வயிறு வெள்ளி போல் மினுங்குகிறது. கண் பெருத்துவிட்டது. இரவெல்லாம் கண்ணாடியில் முட்டுகிறது. "நான் என்ன பிழை விட்டனோ தெரியேல்லை."

அவர் ஒரு பிழையும் விடவில்லை. தேடி வாசித்தபோதுதான் எனக்கும் விளங்கியது. விலாங்கு பிறப்பது கடலில். கண்ணாடி போன்ற குஞ்சாகக் கரைக்கு வந்து, ஆறு, வாய்க்கால், குளம் என்று ஏறி, நன்னீரில் பல வருடங்கள் வளரும். முதிர்ந்ததும் சாப்பாட்டை விட்டு, நிறம் மாறி, மாரி வெள்ளத்தோடு கடலுக்குத் திரும்பும். அங்கே ஒருமுறை முட்டையிட்டு இறந்துவிடும். டென்மார்க் ஆய்வாளர் ஜோகன்னஸ் ஷ்மிட் 1904 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் குஞ்சுகளைத் தேடித் தேடி, ஐரோப்பிய விலாங்குகள் அத்திலாந்திக் சமுத்திரத்தின் சர்காசோக் கடலில் பிறக்கின்றன என்று கண்டார். பெரிய விலாங்குகளில் கருவி பொருத்தி விட்டு, அவை அந்தக் கடல்வரை போவதை உறுதிப்படுத்திய ஆய்வு வெளிவந்தது 2022இல்தான்.

வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். "விடாமல் வைச்சிருந்தால் செத்துப்போகுமோ?" என்று கேட்டார்.

இல்லை என்பதுதான் உண்மை. கடலுக்குப் போக வழியில்லாவிட்டால் விலாங்கு நெடுங்காலம் உயிரோடு இருக்கும். சுவீடனில் பூச்சிகளைத் தின்பதற்காகக் கிணறுகளில் விலாங்கு விடும் வழக்கம் முன்பு இருந்தது. அப்படி ஒரு கிணற்றில் இருந்த விலாங்கு 2014இல் இறந்தபோது, அதற்கு 155 வயது என்று ஊரார் சொன்னார்கள்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவ்வளவு காலமும் அது காத்துக்கொண்டே இருந்திருக்கும். காத்துக்கொண்டு இருக்கிறது லேசில்லை பிள்ளை. விடுவம்" என்றார்.

கடையில் வாங்கிய வெளிநாட்டு அலங்கார மீன்களை ஒருபோதும் நம் குளங்களில் விடக்கூடாது. அவை உள்ளூர் மீன்களை அழிக்கும், நோயைப் பரப்பும். இது நம் மண்ணின் மீன், வேறு மீன்களோடு சேராமல் வளர்ந்தது. அதனால்தான் விடத் துணிந்தோம்.

வேறோர் இடத்தை நான் சொன்னேன். அவர் வட்டுவாகல்தான் என்றார். மாரி மழைக்கு முகத்துவாரம் திறந்திருந்தது. மூடிய வாளியில் ஈரச்சாக்குப் போட்டு, ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பொழுதுபட்ட நேரம் கரையில் இறங்கி வாளியைச் சரித்தார். ஒன்றரை முழ விலாங்கு ஒருமுறை நெளிந்து, கலங்கிய தண்ணீரில் மறைந்தது.

"இதாவது எங்க போகுதெண்டு தெரியும்" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

தொட்டி இன்னும் விறாந்தையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் வாய்க்காலில் பிடித்த சின்ன மீன்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். தாய்மார் படியில் இருந்து கதைக்கிறார்கள். சாமத்தில் இப்போதும் அக்கா எழும்பி வருகிறார்.

வீடுகளுக்குப் போகும்போது, நித்திரை வருகிறதா என்று மட்டும் நான் இப்போது கேட்பதில்லை. நித்திரை வராத நேரத்தில் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கிறேன். பதிலைக் கேட்டு முடிக்கும்வரை பேனாவை எடுப்பதில்லை.