புலிக்குப் போட்ட எல்லை மீனைக் காக்குமா?

தேக்கடியில் படகேறும் பயணிகளின் கண்கள் கரையை விட்டு நகர்வதே இல்லை. யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்க இறங்குமா, காட்டெருமை தலைகாட்டுமா என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். படகுக்குக் கீழே என்ன நீந்துகிறது என்று கேட்பவர்கள் அபூர்வம்.

அந்தக் காட்டின் மேல் ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு மீன் வாழ்கிறது. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய பி. சுந்தரராஜ் 1941-ல் அதை முதன்முதலாக விவரித்து எழுதினார். லெபிடோபைகோப்சிஸ் டைபஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அந்தப் பேரினத்தில் இந்த ஓர் இனம் மட்டுமே உண்டு. அது வாழும் காடு 1950-ல் பெரியாறு சரணாலயமாகவும், 1978-ல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. அப்படியிருந்தும் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது.

காரணம் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபோது, பாறைகளுக்கிடையே பாய்ந்துகொண்டிருந்த ஓடைகளின் பெரும்பகுதி அசையாத ஏரியாகிவிட்டது. ஓடும் நீரில் வாழப் பழகிய மீன்களுக்கு மேல்மட்ட ஓடைகளே மிஞ்சின. பின்னர் ஏரிக்குள் சாதாக் கெண்டையும் திலேப்பியாவும் வந்து சேர்ந்தன. திலேப்பியா வேறு யாருமல்ல, நம் சந்தைகளில் குவிந்து கிடக்கும் ஜிலேபிக் கெண்டைதான். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன் நாட்டின் பெரும்பாலான நீர்நிலைகளைப் பிடித்துக்கொண்டது. வனக்காவலர் வேட்டைக்காரனைத் தடுத்துவிடலாம். தண்ணீருக்குள் இனம் பெருக்கும் அயல் மீனை எப்படித் தடுப்பது?

நிலத்தில் வாழும் விலங்குகளை மனத்தில் வைத்து வரையப்பட்ட எல்லைகளின் குறை இது. ஆறு ஓடிக்கொண்டே இருப்பது. எல்லைக்கு வெளியே கலக்கும் கழிவு உள்ளே வந்துவிடும். மேலே இருக்கும் அணை திடீரென்று நீரைத் திறந்தாலோ நிறுத்தினாலோ, கீழே முட்டைகளும் குஞ்சுகளும் அழியும். முட்டையிட மேல்நோக்கிப் போகும் மீனுக்கு எங்கோ குறுக்கே நிற்கும் ஒரு தடுப்பணையே போதும், வழி அடைபட்டுவிடும். பல இடங்களில் ஆறுதான் சரணாலயத்தின் எல்லைக்கோடு. ஒரு கரைக்குக் காவல் இருக்கும், மறுகரையில் வலை விரிந்திருக்கும்.

உலகில் இதுவரை அறியப்பட்ட மீன் இனங்களில் ஏறத்தாழப் பாதி நன்னீரில் வாழ்பவை. பூமியின் பரப்பில் நன்னீர் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்தச் சிறிய இடத்தில் வாழும் மீன் இனங்களில் நான்கில் ஒன்று அழிவை நோக்கிப் போவதாக 2025 ஜனவரியில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு கூறுகிறது.

காவிரியின் கதை இன்னும் துயரமானது. உலகின் மிகப் பெரிய நன்னீர் மீன்களில் ஒன்றான கூன்முதுகு மஹ்சீர் காவிரிப் படுகையில் மட்டுமே வாழ்கிறது. 1946-ல் கபினி ஆற்றில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ இருந்தது. இத்தனை புகழ் பெற்ற மீனுக்கு உறுதியான அறிவியல் பெயரே நெடுங்காலம் கிடையாது. கேரளத்தின் சின்னார் சரணாலயத்தில் ஓடும் பாம்பாற்றிலிருந்து 2007-ல் விவரிக்கப்பட்ட டோர் ரேமாதேவி என்ற மீனும் இதுவும் ஒன்றே என்று 2018-ல்தான் அட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நிறுவினார்கள். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மீனியலாளர் ரேமாதேவியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. பெயர் உறுதியான அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று சிவப்புப் பட்டியலிலும் அது ஏறியது.

இங்கே கேடு செய்தது நல்லெண்ணம். மஹ்சீர் குறைகிறதே என்று, லோனாவாலா பண்ணையில் 1970-களிலிருந்து பெருக்கப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அது காவிரியின் மீன் அல்ல. கிருஷ்ணா படுகையைச் சேர்ந்தது. கர்நாடகத்தின் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருந்த தூண்டில் முகாமின் பதிவேடுகளை ஆய்வாளர்கள் பின்னாளில் புரட்டினார்கள். பிடித்த மீனை எடைபோட்டு மீண்டும் ஆற்றிலேயே விடுவது அங்கே வழக்கம். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளில் நீலத்துடுப்பு பெருகிக்கொண்டே போக, கூன்முதுகு மஹ்சீர் அருகிப்போனது தெளிவாகத் தெரிந்தது. இன்று அது மிஞ்சியிருக்கும் சில இடங்களில் முதுமலை வழியாக ஓடும் மாயாறு முக்கியமானது. புலிகள் காப்பகத்தின் காவல் அதற்கு உண்டு. ஆனால் ஆற்றில் எப்போது எவ்வளவு நீர் வரும் என்பதை நீலகிரியின் மின்நிலையங்கள் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் பாதுகாக்கப்பட்ட பகுதிகளே வீணா? இல்லை என்கிறது தாய்லாந்து. சால்வீன் படுகையிலுள்ள இங்காவோ ஆற்றங்கரைக் கிராமத்தார், தங்கள் ஊரையொட்டிய சிறுசிறு ஆற்றுப் பகுதிகளில் மீன் பிடிப்பதில்லை என்று தாங்களாகவே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவற்றில் 23 பகுதிகளை ஆராய்ந்த முடிவுகள் 2020-ல் நேச்சர் இதழில் வந்தன. மீன் பிடிக்கும் பக்கத்துப் பகுதிகளோடு ஒப்பிட்டால் அங்கே இனங்களின் எண்ணிக்கை சராசரியாக 27 சதவீதமும், மீன்களின் மொத்த எடை 2,247 சதவீதமும் கூடுதலாக இருந்தன. தடை செய்யப்பட்ட பகுதி சற்றுப் பெரிதாக இருந்த இடங்களிலும், ஊரார் பார்வையில் இருந்த இடங்களிலும் பலன் அதிகம். ஊருக்கும் ஆதாயம் உண்டு. அங்கே பெருகும் மீன்கள் வெளியே வரும்போது வலையில் விழத்தானே செய்யும்!

நமக்கு இது புதிதல்ல. சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறையில் மஹ்சீர்கள் பொரிக்காகக் கூட்டம் கூட்டமாக மொய்க்கின்றன. கோயில் மீன் என்பதால் யாரும் கைவைப்பதில்லை. சட்டம் எழுதப்படும் முன்பே அங்கே தடை நடைமுறையில் இருந்தது.

தமிழ்நாடு 2014-ல் காவிரி வடக்குச் சரணாலயத்தையும், 2022-ல் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயத்தையும் அறிவித்தது. கர்நாடகத்தின் சரணாலயத்தோடு அவை இணைகின்றன. ஆற்றோரக் காடு இப்படித் தொடர்ச்சியாகக் கிடைத்திருப்பது நல்வாய்ப்பு. யானைக்கான திட்டத்தோடு மீனுக்கான திட்டமும் அங்கே வேண்டும். ஆழமான மடுக்களில் மீன்பிடிக்கத் தடை, முட்டையிடும் காலத்தில் வலைக்கும் வெடித் தோட்டாவுக்கும் கண்டிப்பான தடை, அணையிலிருந்து குறைந்தபட்ச நீர், அயல் குஞ்சுகளை விடுவதற்கு முற்றுப்புள்ளி, கரையோர மீனவர்களுக்குக் கண்காணிப்பில் பங்கு. இவை இல்லாவிட்டால் அந்த அறிவிப்பால் மீனுக்குப் பெரிய பயன் இருக்காது.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வீட்டுத் தொட்டியில் வளர்ந்து பெரிதாகிவிட்ட மீனை இரக்கப்பட்டு ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.