சக்கர நாற்காலிக்குப் பணம் உண்டு, சங்கத்துக்கு?

அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை 2015-இல் ஒரு பெரிய அறிவிப்பை வெளியிட்டது. இனிமேல் தன் நிதியெல்லாம் சமத்துவமின்மையை எதிர்க்கும் வேலைகளுக்கே போகும் என்றது. உலகின் பெரும் பணக்கார அறக்கட்டளைகளில் ஒன்று அப்படிச் சொன்னதில் பலருக்கும் மகிழ்ச்சி. ஆனால், அந்தத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்நாட்டு உரிமை அமைப்பினர் கேள்வி எழுப்பினார்கள். விடுபட்டது உண்மைதான் என்று அறக்கட்டளையின் அப்போதைய தலைவர் டேரன் வாக்கர் 2016-இல் வெளிப்படையாக எழுதினார். 2019-இல் மற்ற அறக்கட்டளைத் தலைவர்களையும் சேர்த்து இதற்கென ஒரு குழுவே உருவாக்கப்பட்டது.

சமத்துவமின்மையைப் பற்றி யோசிக்கவென்றே உட்கார்ந்தவர்களுக்கு இது எப்படி விடுபட்டுப்போனது? கெட்ட எண்ணம் காரணமாக இருக்க முடியாது. மாற்றுத்திறனாளி என்றதும் பணம் தருகிறவர்களின் மனதில் முதலில் வருவது சிகிச்சை, அடுத்து இரக்கம். உரிமை கேட்டு ஊர் ஊராகச் சங்கம் நடத்துகிறவர்கள் என்ற படம் அங்கே வருவதில்லை. நிதி எங்கே போகிறது, எங்கே போகாமல் நிற்கிறது என்பதை இந்த ஒரு பழக்கமே பெருமளவு தீர்மானித்துவிடுகிறது.

நம் நாட்டையே பார்க்கலாம். ஒன்றிய அரசின் தீனதயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டம், சிறப்புப் பள்ளிகளும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களும் நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்குத் திட்டச் செலவில் 90 சதவீதம் வரை மானியம் தருகிறது. பெரிய கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம்; அந்தப் பணத்தில் சக்கர நாற்காலிகளும் செயற்கைக் கால்களும் வழங்கப்படுகின்றன. இவை எல்லாமே தேவை. ஒரு மூன்று சக்கர ஸ்கூட்டர் ஒருவரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவருகிறது; அதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், அந்த ஸ்கூட்டரில் வந்தவர் ஊராட்சி அலுவலகத்தின் மூன்று படிக்கட்டுகளுக்குக் கீழே நின்றுவிடுகிறார். சாய்தளம் கேட்டு மனு எழுதி, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு அலைந்து, பதில் வராவிட்டால் தரையில் உட்கார்ந்து, கடைசியில் வழக்கும் போடுகிற வேலையைச் செய்வது சங்கம். அந்த வேலைக்கு நிதி தரும் தலைப்பு எந்தப் படிவத்திலும் கிடைப்பது அரிது.

எது மாற்றுத்திறனாளிகளின் சொந்த அமைப்பு என்பதில் குழப்பம் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐநா குழு 2018-இல் வெளியிட்ட ஏழாவது பொதுக் கருத்துரை அதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது: தலைமையும் நிர்வாகமும் அவர்களிடம் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் அவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்காக மற்றவர்கள் நடத்தும் நிறுவனங்கள் வேறு வகை. 2006-இல் ஏற்கப்பட்டு 2007-இல் இந்தியா உறுதிசெய்த ஐநா உடன்படிக்கையின்படி, தங்களைப் பற்றிய சட்டமும் கொள்கையும் வகுக்கப்படும்போது மாற்றுத்திறனாளிகளிடம், அவர்களின் அமைப்புகள் வழியாக, அரசு கலந்துபேசியாக வேண்டும். கலந்துபேச அமைப்பு இருக்க வேண்டுமானால், அது வாடகை கட்ட வேண்டும். ஆள் வைக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு மோதல் இருக்கிறது. 1980-இல் கனடாவின் வின்னிபெக் நகரில், மறுவாழ்வு வல்லுநர்களின் உலக அமைப்பு மாநாடு கூட்டியது. நிர்வாகத்தில் சரிபாதி இடம் வேண்டும் என்று வந்திருந்த மாற்றுத்திறனாளிகள் கேட்டார்கள். தீர்மானம் தோற்றது. அவர்கள் தனியே கூடிப் பேசி, மறு ஆண்டு சிங்கப்பூரில் மாற்றுத்திறனாளிகளின் சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்கள். தங்களுக்குச் சிகிச்சை தருகிறவர்களே தங்களுக்காகப் பேசவும் செய்த காலத்துக்கு அங்கே முடிவு கட்டினார்கள் என்று சொல்லலாம்.

இப்படிப்பட்ட அமைப்பால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு இந்தியாவிலேயே பதில் உண்டு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவத்தில் மாற்றுத்திறன் பற்றிய கேள்வியைச் சேர்க்கும் எண்ணம் முதலில் இல்லை. சக்கர நாற்காலியில் இயங்கிய உரிமைச் செயற்பாட்டாளர் ஜாவேத் அபிதியும் தோழர்களும் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகே கேள்வி இடம்பிடித்தது. அடுத்து 2011 கணக்கெடுப்பு, நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். இந்த எண்ணிக்கை குறைவு என்பது இயக்கத்தினர் பலரின் வாதம். ஆனால், கணக்கில் ஏறாத மக்களுக்கு எந்த பட்ஜெட்டிலும் இடம் இருந்திருக்காது. எத்தனை சக்கர நாற்காலிகள் கொடுத்தாலும் அந்த ஒரு கேள்வி படிவத்தில் ஏறியிருக்காது.

இத்தகைய வேலைக்கென்றே பணம் தரும் நிதியங்கள் உலகில் சில உண்டு. 2008-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் தொடங்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை நிதியம் அவற்றில் முக்கியமானது. உகாண்டா, ருவாண்டா, வங்கதேசம், இந்தோனேசியா போன்ற நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளுக்கு அது நேரடியாக நிதி தருகிறது. நன்கொடை நாடுகளும் அறக்கட்டளைகளும் தரும் பணம் ஒரே இடத்தில் சேர்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் குழுவில், கொடுத்தவர்களோடு மாற்றுத்திறனாளி இயக்கத்தினரும் உட்காருகிறார்கள். இயக்கத்துக்குள்ளேயே ஓரமாக நிற்பவர்கள், அதாவது பார்வையும் செவியும் ஒருங்கே இழந்தவர்கள், மனநலச் சவால் உள்ளவர்கள், குள்ள உருவத்தினர், வெண்தோல் குறைபாடு உள்ளவர்கள் தொடங்கிய சின்னஞ்சிறு அமைப்புகளையும் அது தேடிப் போகிறது. அவர்களின் விண்ணப்பத்தைப் படிக்கும்போது, எது வெறும் ஆங்கில அலங்காரம், எது உண்மையான தேவை என்று அந்த வாழ்க்கையை வாழ்ந்தவருக்குச் சட்டென்று தெரியும். இந்த ஏற்பாட்டில் என்னை அதிகம் கவர்வது இதுதான்.

அரசுகளும் இதைச் செய்ய முடியும். 1972-இல் பெர்க்லியில் மாற்றுத்திறனாளிகளே தொடங்கிய சுயசார்பு வாழ்வு மையத்தைப் பார்த்து, 1978-இல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தி அப்படிப்பட்ட மையங்களுக்கு நிதி ஒதுக்கியது. இன்றும் நிதி பெறும் மையத்தின் நிர்வாகக் குழுவிலும் ஊழியர்களிலும் பெரும்பான்மையோர் மாற்றுத்திறனாளிகளாக இருந்தாக வேண்டும்.

இனி, இந்தியச் சிற்றூர்ச் சங்கம் ஒன்று இப்படியொரு நிதியை நாடினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். வெளிநாட்டுப் பணம் வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். பதிவு கேட்கும் அமைப்பு மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் தன் முக்கியப் பணிகளுக்குக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். உறுப்பினர் சந்தாவில் நடக்கும் ஒரு தாலுகா சங்கத்துக்கு 15 லட்சம் எங்கிருந்து வரும்? முன்பு, பதிவு பெற்ற பெரிய அமைப்பு வெளிநாட்டு நிதியை வாங்கிப் பதிவு பெற்ற மற்ற அமைப்புகளுக்குப் பிரித்துத் தர முடிந்தது. அரசின் ஒப்புதலோடு ஒரு சிறு பங்கு பதிவில்லாதவற்றுக்கும் போக முடிந்தது. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அந்த வழியை முழுவதுமாக அடைத்துவிட்டது. வாங்கியவர்தான் செலவிட வேண்டும். கால்வாயில் தண்ணீர் வந்தாலும் கடைமடைக்கு மதகு இல்லை.

அதே திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. பணம் அலுவலகத்திலேயே கரைந்துவிடக் கூடாது என்ற நோக்கத்தில் தவறு காண முடியாது. ஆனால், நிர்வாகக் குழு உறுப்பினர்களின் பயணச் செலவை விதிகள் நிர்வாகச் செலவிலேயே சேர்க்கின்றன. தலைவர் சக்கர நாற்காலியில் இருப்பவர் என்றால் அவரால் எல்லாப் பேருந்திலும் ஏற முடியாது. வாடகைக் கார் வேண்டும். பார்வையற்ற செயலாளருக்கு உடன் வர ஒருவர் வேண்டும். செவித்திறன் இல்லாத பொருளாளர் பேசும் கூட்டத்துக்குச் சைகைமொழிப் பெயர்ப்பாளர் வேண்டும். மற்ற தொண்டு நிறுவனங்களுக்கு இல்லாத இந்தச் செலவுகள் இவர்களுக்கு மூச்சு விடுவது போன்றவை. பணம் தருகிறவர்களின் கணக்கில் அவை வீண் செலவாகத் தெரிகின்றன. உள்நாட்டுக் கம்பெனிப் பணத்துக்குப் போனாலும் வருமான வரிச் சலுகைக்கான பதிவுகள், மூன்றாண்டு அனுபவம், கம்பெனி விவகார அமைச்சகத்தில் தனிப் பதிவு என்று வேறொரு வரிசை நிற்கிறது. இந்த விதிகளில் எதுவும் மாற்றுத்திறனாளிகளைத் தடுக்க எழுதப்பட்டதல்ல. எல்லாம் சேர்ந்து தடுப்பது அவர்களைத்தான்.

விளைவு, தமிழ்நாட்டில் கண்கூடு. மாதாந்திர உதவித்தொகையை ஆந்திரத்தைப் போல 6,000 ரூபாயாக உயர்த்தக் கேட்டு மாவட்டந்தோறும் போராடும் அமைப்புகளுக்குப் பெரிய நிதி ஆதாரம் எதுவும் கிடையாது. 1,500 ரூபாய் உதவித்தொகை வாங்குகிறவரே அதில் சந்தாவும் கொடுத்து, சொந்தச் செலவில் வண்டி ஏறிப் போராட்டத்துக்கு வருகிறார். இந்த உழைப்பைத் தியாகம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நியாயமாகப் படவில்லை. மறுபக்கம் அந்தச் சந்தாவில்தான் சங்கத்தின் சுதந்திரமும் இருக்கிறது. வெளிப்பணம் வந்தால் போராட்டக் குணம் மழுங்கிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் சங்கங்களுக்குள்ளேயே உண்டு. திட்டம் எழுதுவதிலும் அறிக்கை அனுப்புவதிலும் ஓர் அமைப்பு கரைந்துபோகலாம் என்பதால் அந்த அச்சம் நியாயமானதே. அதனால்தான் குறிப்பிட்ட திட்டத்துக்கென்று கட்டிப்போடாத, பல ஆண்டுகளுக்கு நீளும் அடிப்படை நிதியை இயக்கத்தினர் கேட்கிறார்கள்.

உலக நிலவரமும் சாதகமாக இல்லை. 2025 ஏப்ரலில் பெர்லினில் கூடிய உலக மாற்றுத்திறனாளிகள் உச்சிமாநாட்டில், நாடுகளில் நடக்கும் வளர்ச்சித் திட்டங்களில் குறைந்தது 15 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்குவதை நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்று பிரகடனம் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தை மூடியது. பிரிட்டன் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

ஆக, உள்நாட்டுப் பணமே வழி. தமிழ்நாட்டில் இப்போது அதற்கொரு வாய்ப்பும் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டப்பேரவை சட்டம் இயற்றியது. மாநிலத்தில் கிராம ஊராட்சிகள் மட்டும் 12,000-க்கும் மேல். முதல்முறையாக மன்றத்துக்குள் போகும் ஒருவர் ஊராட்சிக் கணக்கைப் படிக்கவும், தீர்மானம் கொண்டுவரவும், சாய்தளத்துக்குப் பொது நிதியிலிருந்து பணம் கேட்கவும் யார் சொல்லித் தருவது? அந்தந்த வட்டாரச் சங்கங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. அந்தத் திட்டப் பணத்தில் ஒரு சிறு பங்கைச் சங்கங்களுக்கான மானியமாக ஒதுக்கலாம்: தமிழிலேயே இரண்டு பக்கப் படிவம், எழுத முடியாதவர் பேசிப் பதிவு செய்து அனுப்பும் வசதி, 15 லட்சம் கேட்காமல் சங்கப் பதிவையும் வங்கிக் கணக்கையும் மட்டும் கேட்கும் தகுதி விதி, உதவியாளர் செலவுக்கும் சைகைமொழிக்கும் தனித் தலைப்பு, பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகள் உள்ள தேர்வுக் குழு. நியமன உறுப்பினர்களின் முதல் ஆண்டிலேயே இதைத் தொடங்கினால்தான் அந்த நாற்காலிகளில் உட்காருபவர்களுக்குப் பயன்படும்.